ஜூனியர்களுக்கு எந்தக் கட்டளை வரை சூடோ தரலாம்? லாகின் செய்தியை எந்தக் கோப்பில் வைப்பது?

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு உபுண்டு 22.04 சர்வர்கள், ஒரு ராக்கி லினக்ஸ் 9 சர்வர். இதுவரை மூன்றுக்கும் ஒரே ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்ட்தான். வேலை பார்க்கிற எல்லாருக்கும் அது தெரியும். ஏதாவது மாறியிருந்தால் மாற்றியது யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது புதிதாக இருவர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அணுகல் தரும்போதே இதையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட நினைக்கிறேன்.

அவர்களுக்குத் தேவை மூன்று: எஞ்சின்எக்ஸை (வெப் சர்வர் நிரல்) ரீஸ்டார்ட் செய்வது, அதன் லாக் பார்ப்பது, தளத்தின் கான்ஃபிக் கோப்பைத் திருத்துவது. சூடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் நிரல்) யாருக்கு எதை அனுமதிக்கும் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் "எல்லாம் செய்யலாம், ஆனால் எஸ்யூ (வேறு பயனராக மாறும் கட்டளை), பேஷ் (கட்டளைகளை அடிக்கும் ஷெல்), பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளை மூன்றும் கூடாது" என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதலாம் என ஒரு நண்பர் சொன்னார். சரியா?

இன்னொன்று. தணிக்கைக்கு வந்தவர்கள், லாகின் செய்யும்போது எச்சரிக்கைச் செய்தி வர வேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்ஸி அடைவில் இஷ்யூ, இஷ்யூ.நெட், எம்ஓடிடி என மூன்று கோப்புகள் இருக்கின்றன. எதில் எழுதுவது?

கர்னல்காரன்:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். ஆச்சரியக்குறி வழி வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் திறந்துவிட்டு மூன்றை மட்டும் தடுத்தால், பேஷ் நிரலை வேறு பெயரில் நகலெடுத்து அந்தப் பெயரில் ஓட்டினால் போதும், தடை முடிந்தது. சூடோவின் கையேட்டிலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். எதைத் தடுப்பது என்று எழுதாதீர்கள், எதை அனுமதிப்பது என்று எழுதுங்கள்.

ஒரு வரியில் நான்கு விஷயம் இருக்கும்: யார், எந்தக் கணினியில், யாராக, எந்தக் கட்டளையை. கட்டளைக்கு முழுப் பாதை வேண்டும். கட்டளையோடு வரும் சொற்களையும் சேர்த்து எழுதினால் அந்தச் சொற்கள் அப்படியே இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். சர்வீஸ்களை இயக்கி நிறுத்தும் கட்டளையை "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஞ்சின்எக்ஸ்" என்று முழுதாக எழுதினீர்கள் என்றால் வேறு சர்வீஸை அவர் தொட முடியாது. வெறும் "சிஸ்டம்சிடிஎல்" என்று விட்டால் சர்வரையே கையில் கொடுத்த மாதிரி. நட்சத்திரக்குறி போடும்போதும் கவனம். கட்டளையின் பின்பகுதியில் வரும் நட்சத்திரம் இடைவெளி, சாய்கோடு எல்லாவற்றையும் விழுங்கும். லாக் அடைவுக்குள் எந்தக் கோப்பையும் "கேட்" செய்யலாம் என்று நட்சத்திரத்தோடு எழுதினால், ஒரு லாக் கோப்பின் பெயரோடு இடைவெளி விட்டு எட்ஸியின் ஷேடோ கோப்பையும் (பாஸ்வேர்ட் ஹாஷ்கள் இருப்பது) சேர்த்துக் கேட்டுவிடலாம்.

சூடோயர்ஸ் கோப்பை விசூடோ என்ற கட்டளை வழியாகத்தான் திறக்க வேண்டும். இலக்கணம் பார்த்த பிறகுதான் அது சேமிக்கும், இருவர் ஒரே நேரத்தில் திருத்தாமலும் பூட்டி வைக்கும். எங்களிடம் பராமரிப்புக்கு வந்த ஒரு சர்வரில் யாரோ சாதாரண எடிட்டரில் திறந்து ஒரு காற்புள்ளியைக் கூடுதலாக விட்டிருந்தார்கள். சூடோ யாருக்கும் வேலை செய்யவில்லை, ரூட் பாஸ்வேர்டும் கிடையாது. கிளவுட் சர்வர் என்பதால் வட்டைக் கழற்றி இன்னொரு இயந்திரத்தில் மாட்டித்தான் சரிசெய்ய முடிந்தது.

மூலக் கோப்பைத் தொடாமல் சூடோயர்ஸ்.டி அடைவில் தனிக் கோப்பாக வைப்பது இன்னும் நல்லது. அந்தப் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. "வெப்டீம்.கான்ஃப்" என்று வைத்தால் சூடோ அதைப் படிக்காது, பிழை என்றும் சொல்லாது. "வெப்டீம்" என்று மட்டும் வையுங்கள். "விசூடோ -எஃப்" கொடுத்து அந்தக் கோப்பையும் சோதித்துத் திறக்கலாம்.

இரவுப்பணி:

கர்னல்காரன் அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் பட்டியல் போட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற எண்ணத்தோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பத்து வரி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயமே வருகிறது.

பட்டியலில் இருக்கும் நிரலுக்குள் என்ன வாசல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விஐ எடிட்டரை ரூட்டாகத் திறக்க அனுமதித்தால் உள்ளிருந்தே ஷெல் திறக்கலாம். கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் அப்படித்தான், ஃபைண்ட் அப்படித்தான், டார் கூட அப்படித்தான். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்ப்பதில் என்ன ஆபத்து என்று தோன்றும். வெளியீடு திரையைவிட நீளமானால் அது லெஸ்ஸுக்குப் போகும், அங்கே ஆச்சரியக்குறி போட்டு ஷெல் பெயரை அடித்தால் ரூட் ஷெல். சிஸ்டம்டி 247க்கு முந்தைய பதிப்புகளில் இருந்த இந்த ஓட்டைக்கு 2023இல் சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) எண்ணே கொடுத்தார்கள்.

வைகைக்கரை கேட்ட மூன்றாவது தேவையைக் கவனியுங்கள்: தளக் கான்ஃபிக்கைத் திருத்துவது, பிறகு ரீஸ்டார்ட் செய்வது. பார்வைக்குச் சாது. அந்தக் கான்ஃபிக்கில் அக்ஸஸ் லாக் எந்தக் கோப்பில் எழுதப்பட வேண்டும் என்று ஒரு வரி வரும். லாக் கோப்பைத் திறப்பது எஞ்சின்எக்ஸின் மாஸ்டர் புராசஸ், அது ஓடுவது ரூட்டாக. அந்த வரியில் லாக் பாதைக்குப் பதில் கணினியின் வேறு முக்கியக் கோப்பின் பாதையைக் கொடுத்தால்? ரூட்டாகவே அதில் எழுதும். லாக் வடிவமும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆக இந்த இரண்டு அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தால் முழு ரூட் கொடுத்ததற்குச் சமம்.

என் கருத்து: நம்புகிறவருக்கு முழு சூடோ கொடுங்கள், அவரவர் பெயரில் கணக்கு, செய்ததெல்லாம் லாக்கில். நம்பாதவருக்குக் கொடுக்காதீர்கள். நடுவில் இருப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கர்னல்காரன்:

எஞ்சின்எக்ஸ் லாக் விஷயம் மிக முக்கியமானது தம்பி, அதை எழுதியதற்கு நன்றி. முடிவோடுதான் உடன்பாடில்லை.

பட்டியல் திருடனுக்கு மட்டும் போடுவதில்லை. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில், தவறான டெர்மினலில், தவறான சர்வீஸை நிறுத்துகிற நல்ல மனிதருக்காகவும் போடுகிறோம். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் வந்தவை இல்லை. முழு சூடோ வைத்திருக்கும் ஜூனியரின் மடிக்கணினி களவு போனாலோ சாவி கசிந்தாலோ, அவர் எவ்வளவு நம்பிக்கையானவர் என்பதற்கு அர்த்தமில்லை.

பட்டியல் சிறியதாகவும் வாசல் இல்லாததாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வைகைக்கரையின் மூன்று தேவைகளையும் அப்படிப் பிரிக்கலாம்.

லாக் பார்க்க சூடோவே வேண்டாம். உபுண்டுவில் எஞ்சின்எக்ஸ் லாக் கோப்புகளை ஏடிஎம் குழுவில் இருப்பவர் படிக்கலாம். சிஸ்டம்டியின் ஜர்னல் லாக் பார்க்க சிஸ்டம்டி-ஜர்னல் குழு இருக்கிறது. யூசர்மாட் கட்டளையில் சிறிய ஏ, பெரிய ஜி இரண்டையும் சேர்த்தே போடுங்கள். சிறிய ஏ விட்டுப்போனால் அவர் ஏற்கெனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்து நீங்கிவிடுவார். ஏடிஎம் குழுவுக்கு ஆத்.லாக் உட்பட மற்ற சிஸ்டம் லாக்குகளும் தெரியும், அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ராக்கியில் கோப்பு உரிமைகள் வேறு, அங்கே லாக் அடைவுக்கு ஏசிஎல் (தனி ஆளுக்குத் தரும் கோப்பு அனுமதி) போட்டுக் கொடுப்பது எளிது.

ரீஸ்டார்ட்டுக்கு ஒரே ஒரு வரி, சொற்கள் முழுதாக. எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக்கைச் சோதிக்கும் கட்டளைக்கு இன்னொரு வரி. ஸ்டேட்டஸ் பார்க்க ரூட் தேவையே இல்லை, அதைச் சேர்க்காதீர்கள்.

கான்ஃபிக் திருத்தத்தை கிட் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் நிரல்) என்பதில் வையுங்கள். ஜூனியர் திருத்தி அனுப்புவார், நீங்கள் பார்த்து ஏற்ற பிறகு, ஏற்கப்பட்ட கிளையிலிருந்து மட்டும் எடுத்து, சோதித்து, நகலெடுத்து, ரீலோட் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட். சூடோவில் அனுமதி அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும். ஸ்கிரிப்டின் உரிமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும், அது இருக்கும் அடைவும் ரூட்டுடையதாக இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஸ்கிரிப்டை அந்த ஜூனியரின் ஹோம் அடைவில் வைத்துவிட்டு சூடோயர்ஸில் பாதையை மட்டும் எழுதுவார்கள். அவர் ஸ்கிரிப்டைத் திருத்தினால் முடிந்தது கதை.

மணல்மேடு:

கோப்பைத் திருத்த சூடோஎடிட் என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா? எடிட்டர் சாதாரணப் பயனராகத்தான் ஓடும் என்று படித்தேன்.

கர்னல்காரன்:

ஆமாம். கோப்பைத் தற்காலிக நகலாக எடுத்து, எடிட்டரைப் பயனராக ஓட்டி, முடிந்ததும் திரும்ப எழுதும். விஐ வழியாக ஷெல் திறக்கும் பிரச்சினைக்கு அது நல்ல தீர்வு. ஆனால் இரவுப்பணி சொன்னது எடிட்டர் பிரச்சினை இல்லை, கோப்பின் உள்ளடக்கப் பிரச்சினை. எடிட்டரை எவ்வளவு பூட்டினாலும் எழுதப்பட்ட வரியை ரூட் படித்துச் செயல்படுத்தும்.

சூடோஎடிட்டிலேயே 2023 ஜனவரியில் ஓட்டை வெளிவந்தது. எடிட்டர் பெயரைச் சொல்லும் சூழல் மாறியில் கூடுதலாக ஒரு கோப்பைச் சொருகி, அனுமதி இல்லாததைத் திருத்த முடிந்தது. 1.9.12பி2 பதிப்பில் அடைத்தார்கள். சூடோவைப் பொறுத்தவரை அப்டேட் தள்ளிப்போடக் கூடாது. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட "பேரன் சமெடிட்" ஓட்டை 2011இலிருந்து நிரலுக்குள் இருந்தது. சூடோயர்ஸ் பட்டியலில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அதைக் கொண்டு ரூட் ஆகலாம். நம் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தும் அன்று பயனில்லை.

இரவுப்பணி:

அந்த ஸ்கிரிப்ட் வழியை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. என் எதிர்ப்பு பெரிய நிரல்களைப் பட்டியலிடுவதற்குத்தான்.

லாக் பற்றி ஒன்று. முழு சூடோ உள்ளவர்கள் "சூடோ எஸ்யூ" என்று அடித்து உள்ளே போய்விட்டால், லாக்கில் பதிவாவது அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு அந்த ஷெல்லுக்குள் செய்தது எதுவும் சூடோவின் லாக்கில் வராது. "ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சூடோ அடியுங்கள்" என்று குழுவில் எல்லாரும் பேசி முடிவெடுங்கள், அல்லது சூடோவின் லாக் அவுட்புட் வசதியை இயக்குங்கள். டெர்மினலில் ஓடியதைச் சூடோரீப்ளே வழியாகப் பிறகு திரும்பப் பார்க்கலாம். இடம் பிடிக்கும், முக்கியமான சர்வரில் மட்டும் போட்டால் போதும்.

பச்சைத்திரை:

செய்திகள் பக்கம் யாரும் வரவில்லையே, நான் எழுதுகிறேன்.

இஷ்யூ என்பது சர்வரின் முன்னால் உட்கார்ந்து, கன்சோலில் லாகின் பெயர் கேட்பதற்கு முன் வருவது. இஷ்யூ.நெட் வெளியிலிருந்து இணைகிறவர்களுக்கு, ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அதைத் தானாகக் காட்டாது. அதன் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியின் கான்ஃபிக்கில் பேனர் என்ற வரியில் அந்தப் பாதையைச் சொல்ல வேண்டும். எம்ஓடிடி உள்ளே வந்த பிறகு வருவது. தணிக்கைக்காரர்கள் கேட்பது எச்சரிக்கை, அது கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஆகவே இஷ்யூ, இஷ்யூ.நெட் இரண்டிலும் ஒரே வாசகத்தை எழுதுங்கள். எம்ஓடிடியைக் குழுவினருக்கான தகவலுக்கு வையுங்கள்: இது எந்தச் சர்வர், என்ன ஓடுகிறது, பராமரிப்பு எப்போது, சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவது. அசல் சர்வருக்கும் சோதனைச் சர்வருக்கும் எம்ஓடிடியில் பளிச்சென்று வித்தியாசம் காட்டினால் மட்டுமே எத்தனையோ விபத்துகள் தவிரும். எனக்கு மிகவும் பிடித்த பயன் அதுதான்.

எழுதும்போது ஒரு சிக்கல் வரும். சூடோ எக்கோ போட்டு அம்புக்குறியால் இஷ்யூ.நெட்டுக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று சொல்லும். ரூட்டாக ஓடுவது எக்கோ மட்டும், கோப்பைத் திறப்பது உங்கள் சொந்த ஷெல். குழாய் போட்டு "சூடோ டீ"க்கு (வருவதைக் கோப்பில் எழுதும் கட்டளை) அனுப்புங்கள்.

பேனர் வரியை எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி அடைவில் தனிக் கோப்பாக வைக்கலாம். இங்கே பெயர் கட்டாயம் .கான்ஃப் என்று முடிய வேண்டும். சூடோயர்ஸ்.டியில் புள்ளி வைத்தால் படிக்காது, இங்கே வைக்காவிட்டால் படிக்காது. உபுண்டுவின் அப்டேட்-எம்ஓடிடி.டி அடைவிலும் புள்ளி ஆகாது: "99-தகவல்.எஸ்எச்" என்று வைத்த ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. அதற்கு இயக்க அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். "செய்தி வரவில்லை" என்று கேட்கும் பாதிப் பேருக்கு விடை இந்த இரண்டில் ஒன்று.

வரிசையும் நேர் எதிர். சூடோயர்ஸில் ஒரே ஆளுக்குப் பல வரிகள் பொருந்தினால் கடைசியாக வருவது செல்லும். எஸ்எஸ்எச்டியில் முதலில் வருவது செல்லும். மூலக் கோப்பின் அடியில் பேனர் வரியைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மேலே மேட்ச் என்று ஒரு பகுதி இருந்தால், அடியில் சேர்த்தது அந்தப் பகுதிக்குள் போய்விடும், குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் செய்தி வரும்.

"எஸ்எஸ்எச்டி -டி" என்று சிறிய டி (t) போட்டுச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். பெரிய டி (T) போட்டால் உண்மையில் எந்த மதிப்பு செல்லுபடியாகிறது என்று முழுதாகக் காட்டும். ஏற்கெனவே திறந்த இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு இரண்டாவது டெர்மினலில் நுழைந்து பாருங்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பச்சைத்திரை அக்கா, வாசகத்தில் என்ன எழுதுவது? தமிழில் எழுதினால் தெரியுமா? சட்டப்படி கட்டாயம் ஏதாவது இருக்கிறதா?

பச்சைத்திரை:

கன்சோலில் தமிழ் தெரியாது. லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையில் எழுத்துருவுக்கு 512 வடிவங்கள்தான் உச்சம், கொம்பும் காலும் சேர்த்து அடுக்கும் வசதியும் இல்லை, கட்டங்கள்தான் வரும். எஸ்எஸ்எச் பேனரில் யூடிஎஃப்-8 எழுத்துகளை ஓப்பன்எஸ்எஸ்எச் 7.3 பதிப்பிலிருந்து கிளையன்ட் அப்படியே காட்டுகிறது, அது 2016இல் வந்தது. அப்புறம் அவரவர் டெர்மினலின் எழுத்துருவைப் பொறுத்தது. இஷ்யூவில் ஆங்கிலம், இஷ்யூ.நெட்டில் ஆங்கிலமும் அடுத்துத் தமிழும் என்று வைத்தால் தணிக்கைக்கும் சரி, நம் ஆட்களுக்கும் சரி.

கோப்புக்கட்டு:

நான் தணிக்கை வேலையில் இருப்பவன். வாசகத்தில் நான் தேடுவது: இது தனியார் கணினி, அனுமதி பெற்றவர் மட்டும் நுழையலாம், செயல்கள் பதிவாகும், கண்காணிக்கப்படும், மீறினால் நடவடிக்கை. தமிழில் இப்படி வைக்கலாம்:

"இது அலுவலகச் சர்வர். அனுமதி பெற்றவர்கள் மட்டுமே நுழையலாம். இங்கே நடப்பவை அனைத்தும் பதிவு செய்யப்படும், கண்காணிக்கப்படும். அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம்."

நிறுவனத்தின் முழுப் பெயரோ இயங்குதளப் பதிப்போ கர்னல் எண்ணோ வெளிவாசலில் வேண்டாம். இஷ்யூ கோப்பில் பின்சாய்கோட்டோடு எஸ், ஆர், எம், வி எழுத்துகள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை பதிப்பு விவரங்களைக் காட்டுபவை. சிஐஎஸ் பெஞ்ச்மார்க் என்ற பாதுகாப்பு வழிகாட்டியும் இதைச் சோதிக்கிறது. "நல்வரவு" போன்ற சொல்லையும் தவிர்ப்பது வழக்கம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதியின்றி கணினியை அணுகுவதைப் பேசுகிறது. அதை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "அனுமதியின்றி" என்பதுதான் அங்கே முக்கியம். அனுமதி யாருக்கு என்பதை வாசலிலேயே சொல்லியிருந்தால், தெரியாமல் வந்தேன் என்று ஒருவர் சொல்வது கடினம். கண்காணிப்பை முன்கூட்டிச் சொல்வதும் அதேபோல. அமெரிக்காவில் 1992 டிசம்பரிலேயே, விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் சர்வர்கள் பேனரில் அதைச் சொல்ல வேண்டும் என்று கணினிப் பாதுகாப்புக்கான செர்ட் அமைப்பு ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. இரவுப்பணி சொன்ன லாக் அவுட்புட்டை இயக்குவதாக இருந்தால் பேனரில் அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்பேன். உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்லாமல் அவர்கள் திரையைப் பதிவு செய்வது சரியல்ல.

பேனரில் "பதிவாகும்" என்று எழுதிவிட்டால் அது பதிவாக வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவில் ஆத்.லாக் வாரம் ஒரு முறை சுழன்று நான்கு பழைய கோப்புகளோடு நின்றுவிடும், அதாவது ஏறக்குறைய ஒரு மாதம். லாக்ரொட்டேட் அமைப்பில் மாற்றுங்கள், முடிந்தால் வேறொரு சர்வருக்கும் அனுப்புங்கள். சூடோ உள்ளவர் அதே இயந்திரத்தில் இருக்கும் லாக்கை அழிக்கவும் முடியும்.

இரவுப்பணி:

பேனர் போட்ட மறுநாள் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) மின்னஞ்சல்கள் குவியும், தயாராக இருங்கள். சர்வருக்குச் சர்வர் எஸ்எஸ்எச் வழியாக ஓடும் தானியங்கி வேலைகளில் பேனர் பிழைவெளியீட்டில் வரும். அந்த வேலைகளில் மட்டும் "எஸ்எஸ்எச் -கியூ" போடுங்கள். .பேஷ்ஆர்சி கோப்பில் எக்கோ போட்டுச் செய்தி காட்டும் பழக்கம் வேண்டாம், கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியும் ஆர்சிங்கும் அதனால் உடையும்.

அப்டேட்-எம்ஓடிடி.டி ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு லாகினிலும் ரூட்டாக ஓடுகின்றன. அந்த அடைவை ஜூனியர்கள் எழுதக்கூடியதாக விட்டால், சூடோயர்ஸில் எவ்வளவு கவனமாக இருந்தும் வீண். வெளி இணையத்தைத் தொடும் ஸ்கிரிப்ட் இருந்தால் இணைப்பு மந்தமான நாளில் லாகினே தாமதமாகும்.

வைகைக்கரை:

உபுண்டு இரண்டும் முடிந்தன. ஏடிஎம் குழு, இரண்டு வரி, ஒரு ஸ்கிரிப்ட், பேனர் எல்லாம் வேலை செய்கின்றன. ராக்கியில்தான் சிக்கல். ரீஸ்டார்ட் வரியில் பாஸ்வேர்ட் கேட்க வேண்டாம் என்று எழுதினேன், ஒருவருக்குச் சரியாக இருக்கிறது, இன்னொருவருக்கு இன்னும் கேட்கிறது. இந்தச் சர்வரில் மூலக் கோப்பிலேயே விசூடோ வழியாக நடுவில் எழுதினேன்.

கர்னல்காரன்:

"சூடோ -எல் -யூ" என்று சிறிய எல், பெரிய யூ போட்டு இருவரின் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். அந்த இரண்டாமவர் வீல் குழுவிலும் இருக்கிறாரா?

வைகைக்கரை:

ஆமாம் அண்ணா, இருக்கிறார். பழைய கணக்கு, முன்பு யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

கர்னல்காரன்:

அதுதான். உங்கள் வரி மேலே இருக்கிறது, வீல் குழுவின் வரி கீழே இருக்கிறது, கடைசி வரி செல்லும், பாஸ்வேர்ட் கேட்கிறது. ஆனால் பாஸ்வேர்ட் கேட்பதை விடுங்கள். வீல் குழுவில் இருக்கும்வரை அவருக்கு முழு ரூட் இருக்கிறது, நீங்கள் எழுதிய பட்டியலுக்கு அவரிடம் வேலையே இல்லை. ஜிபாஸ்வேர்ட் கட்டளையில் -டி (d) போட்டு அவரை வீலிலிருந்து நீக்குங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் அவருடைய இணைப்புகளில் பழைய குழு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி நுழையச் சொல்லுங்கள். டிமக்ஸ் (இணைப்பை மூடினாலும் டெர்மினலை ஓடவிடும் நிரல்) ஓடுகிறதா என்றும் பாருங்கள். பிறகு மூன்று சர்வரிலும் வீல், சூடோ குழுக்களில் வேறு யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். கிளவுட் சர்வர் என்றால் சூடோயர்ஸ்.டியில் 90 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பையும் திறந்து பாருங்கள். உபுண்டு பிம்பங்களில் தொடக்கப் பயனருக்குப் பாஸ்வேர்ட் இல்லாத முழு அனுமதி அங்கேதான் எழுதியிருக்கும்.